ஊடாடும் பிழைத்திருத்தி

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வேண்டிய இடத்தில் நிறுத்தி, அந்த நொடியில் எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்த்து, தேவையானால் மாற்றி, மேற்கொண்டு ஓடவிடும் மென்பொருள். நிரலாளர் பேச்சில் டீபக்கர். கணினியின் முன் தனியாக உட்கார எங்கே நேரம் கிடைத்ததோ, அங்கேதான் இது பிறந்தது.

கேம்பிரிட்ஜில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில் அதற்கு வழியில்லை. நிரலை நடுவில் நிறுத்தி ஒருவர் யோசித்துக்கொண்டிருந்தால் அடுத்தவர் வேலை கெடும். எனவே ஸ்டான்லி கில், நிரலின் ஆணைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றியபடியே அவை நடந்த வரிசையை அச்சிடும் துணைநிரலை எழுதினார். 1951-இல் அதை விளக்கிக் கட்டுரையும் வெளியிட்டார். அச்சுத்தாளோடு மேசைக்குத் திரும்பிப் பிழையைத் தேட வேண்டியதுதான்.

நிலைமை மாறியது 1958-இல் எம்.ஐ.டி.க்கு வந்துசேர்ந்த டிஎக்ஸ்-0 கணினியால். மாணவர்கள்கூட நேரம் வாங்கிக்கொண்டு அதன் முன் உட்கார முடிந்தது. ஜாக் டென்னிஸும் தாமஸ் ஸ்டாக்கமும் அதற்காக ‘ஃபிளிட்’ எழுதினர். அதன் வழியில் பிடிபி-1 கணினிக்கு வந்தது ‘டிடிடி’. இரண்டும் பூச்சிமருந்துப் பெயர்கள்; நிரல் பிழைக்கு ஆங்கிலத்தில் ‘பக்’, அதாவது பூச்சி என்று பெயர் என்பதால் குறும்பு வெளிப்படை. நினைவகத்தில் ஓர் இடத்தின் பெயரைத் தட்டச்சிட்டு ஒரு சாய்கோடு போட்டால் அங்கிருக்கும் மதிப்பு உடனே அச்சாகும். பக்கத்திலேயே புது மதிப்பை அடித்தால் அது உள்ளே போய்விடும். இன்றைய டீபக்கர்களின் அடிப்படை வேலை அன்றே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

நிறுத்தும் உத்தி எளிமையானது, கொஞ்சம் திருட்டுத்தனமானதும்கூட. இன்டெல் 8086 வகைச் செயலிகளில், நிறுத்த வேண்டிய ஆணையின் முதல் பைட்டை டீபக்கர் எடுத்து வைத்துக்கொண்டு அங்கே ‘சிசி’ என்ற பதினறும எண்ணை எழுதிவிடும். செயலி அதைத் தொட்டதும் கட்டுப்பாடு டீபக்கரிடம் வரும். தொடரச் சொன்னால் பழைய பைட்டை வைத்து அந்த ஓர் ஆணையை மட்டும் ஓடவிட்டு, மறுபடி ‘சிசி’யை எழுதும். 1985-இல் வந்த 80386, நான்கு முகவரிகளை வன்பொருளிலேயே கண்காணிக்கும் வசதி தந்தது. ஒரு மாறியை எந்த வரி கெடுக்கிறது என்று புரியாதபோது இதன் அருமை தெரியும்.

1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி என்ற டீபக்கர், யூனிக்ஸ் உலகில் நிலைத்தது. தனிக்கணினியில் போர்லாண்டின் டர்போ வரிசை டீபக்கரை எடிட்டருக்குள்ளேயே வைத்தது. நம் கல்லூரி ஆய்வகங்களில் டர்போ சி++ நெடுங்காலம் இருந்தும், வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் எஃப்7 விசையைத் தொட்டவர்கள் குறைவுதான்.

எதிர்ப்பும் இருந்தது. லினக்ஸ் கருவகத்துக்குள் (கெர்னல்) டீபக்கரைச் சேர்க்க, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2000-இல் மறுத்தார்; அது மூலநிரலைப் படித்து யோசிக்கும் பழக்கத்தைக் கெடுக்கும் என்பது அவர் வாதம். ஆனாலும் 2008-இல் கேஜிடிபி என்ற கருவக டீபக்கர் உள்ளே வந்தது. அடுத்த ஆண்டு ஜிடிபி 7.0 நிரலைப் பின்னோக்கி ஓட்டவும் கற்றது. மொசில்லாவில் உருவான ‘ஆர்ஆர்’ என்ற டீபக்கர், நிரலின் ஓட்டம் முழுவதையும் பதிந்துவைக்கிறது. கெட்டுப்போன மாறியின் மேல் கண்காணிப்பு வைத்துப் பதிவைப் பின்னோக்கி ஓட்டினால், அதைக் கடைசியாகத் தொட்ட வரியில் போய் நிற்கிறது.