கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் அரசின் ஆதரவும்

கலைஞனைக் காக்கும் கடமை யாருடையது என்னும் வினா மிகப் பழையது. தமிழகத்தில் மன்னரும் ஜமீன்தாரும் கோயில்களும் நெடுங்காலம் அக்கடமையை ஏற்றிருந்தனர். 1948-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்கள் மறையவே, மக்களாட்சி அரசு அவ்விடத்திற்கு வந்தது. 1952-ல் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியமும், 1955-ல் சென்னை மாநில சங்கீத நாடக சங்கமும், 1973-ல் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமும் தோன்றின. இறுதியிற் கூறிய கழகத்தையே நாம் 'பூம்புகார்' என்று அறிவோம்.

இவ்வரலாற்றின் அண்மைப் பகுதியைக் கல்வராயன் மலைக்குக் கிழக்கே உள்ள கள்ளக்குறிச்சியிற் காண்கிறோம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் தேக்கு, வாகை, வேங்கை முதலிய மரங்களை உளியாலும் கொட்டாப்புளியாலும் செதுக்கித் தெய்வ உருவங்களும் கதவுகளும் செய்யும் குடும்பங்கள் வாழ்கின்றன. மதுரைப் பகுதியிலிருந்து வந்தோர் இத்தொழிலைக் கொணர்ந்தனர் என்பர். 'கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்' என்னும் பெயருக்குப் புவிசார் குறியீடு வேண்டிப் பூம்புகார் நிறுவனம் 2013-ல் விண்ணப்பித்தது. 2021-ல் அது கிடைத்தது.

இக்குறியீடு தருவது யாது? 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வேற்றூரிற் செய்த பொருளை இப்பெயரால் விற்றல் குற்றமாகும். இது பெரும் பாதுகாப்பே. ஆயினும் பதிவின் உரிமையாளர் விண்ணப்பித்த நிறுவனமேயன்றிச் சிற்பி அல்லர். ஒவ்வொரு சிற்பியும் தம்மை 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' எனத் தனியே பதிந்துகொண்டாலன்றிச் சட்டத்தின் முழுப்பயன் அவருக்குக் கிட்டாது. அப்பதிவையும் உரிய காலத்திற் புதுப்பித்தல் வேண்டும். உளி பிடித்த கைக்கு அலுவலகப் படிவம் எளிதன்று.

மேலும், இச்சட்டம் பெயரைக் காக்குமேயன்றி வேலையைத் தராது. பழைய புரவலர் தேர் ஒன்று செய்யச் சொன்னபோது மரமும் கூலியும் அளித்தனர். அவ்வேலை நடந்த காலமெல்லாம் இளைஞரும் உடனிருந்து தொழில் பயின்றனர். சாலொமோனும் தீருவின் ஈராமிடம் மரம் கேட்டபோது, வேலைக்காரரின் கூலியையும் உடன் பேசினான் என்று வாசிக்கிறோம். விருது கலைஞனைச் சிறப்பிக்கிறது, குறியீடு ஊரைச் சிறப்பிக்கிறது. தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்வதோ கூலியோடு வரும் வேலையே.

ஆகவே அரசின் ஆதரவு வீண் என்பது நம் கருத்தன்று. அது பாதி வழியே வந்துள்ளது என்கிறோம். அரசு தன் கட்டடங்களுக்கு இச்சிற்பிகளிடம் வேலை ஒப்படைப்பதும், படிவங்களை அவர்தம் வாசலுக்கே கொண்டுசெல்வதும் மீதிப் பாதி. அப்பகுதியில் ஊழியம் செய்வோர் படிவம் நிரப்ப உதவலாம். பிரசங்க பீடமோ திருவிருந்து மேசையோ தேவைப்படுங்கால் அவர்களை நாடலாம். ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலின் பெயரை யாத்திராகமம் மறவாமற் பதிந்துள்ளது. ஊரின் பெயரைப் பதிந்த நாம், செய்தவரின் பெயரையும் பதிதல் தகும்.