முடிப்பு வேலைச் சொற்கள்

ஒரு பொருள் உருவான பிறகு, கைமாறுவதற்கு முன் அதன்மேல் செய்யப்படும் கடைசி வேலைகளைக் குறிக்கக் கைவினைஞரும் தொழிலாளரும் வழங்கும் சொற்கள். ‘முடிப்பு வேலை’ என்பது எழுத்துக்காரர் பேச்சு; பட்டறையில் அப்படி யாரும் சொல்வதில்லை. இன்று எல்லோர் வாயிலும் இருப்பது ‘பினிஷிங்’. முன்பு அப்படியொரு பொதுச்சொல் தேவைப்படவில்லை. தச்சர் இழைத்தார், கன்னார் ராவினார், கொத்தனார் பூசினார், கொல்லர் தோய்ச்சல் போட்டார். கையில் எந்தக் கருவி, எதிரில் எந்தப் பொருள் என்பதே சொல்லையும் முடிவு செய்தது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய பென்னலூர்ப் பக்கம் பழைய சொல்லும் புதிய சொல்லும் ஒன்றாகப் புழங்குகின்றன. மேற்கே காஞ்சிபுரம், அங்கே தறியிலிருந்து இறங்கிய பட்டுச்சேலையின் முந்தியில் தொங்கும் பாவு நூலை முறுக்கி முடிந்தால் குஞ்சம். அக்கம்பக்கத்தில் 1998-இல் முதல் சான்ட்ரோ வெளிவந்த இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை, 2013-இல் தொடங்கிய ஒரகடம் ராயல் என்ஃபீல்டு ஆலை. ஆலைக்குள் தேய்க்கும் சேண்டிங், பளபளப்பாக்கும் பஃபிங், விளிம்புப் பிசிறை நீக்கும் டீபரிங். ஆலையைவிட்டு நெடுஞ்சாலை ஓரக் கொட்டகைக்கு வந்தால் டிங்கரிங், பட்டி. நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது டிங்கரிங். ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் அடைத்தவரைக் குறித்த ஆங்கிலச் சொல் இங்கே கார் வேலைக்கு மாறியிருக்கிறது. எஞ்சிய பள்ளத்தை நிரப்பித் தேய்ப்பது பட்டி பார்ப்பது. தேய்க்கும் தாளுக்கு, அதில் உப்பு சிறிதும் இல்லாவிட்டாலும், உப்புத்தாள் என்றே பெயர். இத்தனை இயந்திரங்களுக்கு நடுவிலும் சில என்ஃபீல்டு வண்டிகளின் பெட்ரோல் டேங்கில் ஓடும் மெல்லிய கோட்டைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்துவந்தார்கள்.

தேய்ப்பு வேலையின் சொல் வரலாற்றில் முதலிடம் குருந்தத்துக்கு. சாணைக்கல்லிலும் உப்புத்தாளிலும் அறுக்கும் பல்லாகப் பெரும்பாலும் இருப்பது அலுமினிய ஆக்சைடு என்னும் இந்தப் பொருள்தான். கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் இதற்கு 9. அந்த வரிசையில் இதற்கு மேல் இருப்பது 10 பெற்ற வைரம் மட்டும். மாணிக்கமும் நீலமும் இதே கனிமத்தின் நிற வேறுபாடுகள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் குருந்தத்திலிருந்து போனது. 1890களில் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் மின்னுலையில் சிலிக்கன் கார்பைடு செய்தார். கார்பனும் கொரண்டமும் கூடிய பொருள் என்று தவறாக எண்ணிக் ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. கடல் கடந்துபோன சொல் பாதிப் பெயரை மாற்றிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டது. வாசலில் நின்றபோது நம்மில் பலருக்கு அடையாளம் தெரியவில்லை.

முடிப்புச் சொற்களில் ஒரு சாரார் எடுப்பவர். இழைப்புளியால் இழைத்தல், அரத்தால் ராவுதல், சாணை பிடித்தல், கல்லுக்குப் பட்டை தீட்டுதல், அம்மி தேய்ந்தால் பொளிதல். திருப்பூரில் ஆடை பெட்டிக்குள் போவதற்கு முன் தொங்கும் நூலை நறுக்குவது பிசிறு வெட்டுதல்.

இன்னொரு சாரார் ஏற்றுபவர். பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்த்துச் சமைத்தால் களிம்பு ஏறும். அதைத் தடுக்கத்தான் ஈயம் பூசுதல். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, உருகிய உலோகத்தைத் துணியால் சுழற்றித் தேய்ப்பார்கள். பெயர் ஈயம் என்றாலும் பூசுவது வெள்ளீயம். காரீயம் நஞ்சு என்பதால் இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது. செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் சுண்ணாம்புச் சாந்து அடுக்கடுக்காக ஏறி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்ந்து, கண்ணாடிபோல வழவழக்கும். தையற்காரர் எடுக்கும் காஜாவுக்கு மூலம், வீடு என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல். பொத்தானுக்கு அது வீடு.

இந்த இரண்டிலும் அடங்காதது கண் திறப்பு. சுவாமிமலையில் மெழுகுக் கருவின்மேல் காவிரி வண்டல் பூசி வார்த்த சிலையை, அச்சை உடைத்து எடுத்து, ராவி, செதுக்கி, புளியும் பூந்திக்கொட்டையும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். அதுவரை அது வெறும் வார்ப்படம். மரபுப்படி ஸ்தபதி பொன் உளியால் விழியின் கோட்டைத் திறந்த பிறகே வழிபாட்டுக்குரிய மூர்த்தி. திறந்த கண்ணுக்கு முதலில் கண்ணாடி, கன்றோடு பசு போன்ற மங்கலக் காட்சிகளைக் காட்டுவதும் வழக்கம்.

எழுத்துக்கும் இசைக்கும் இந்தச் சொற்கள் தாராளமாகக் கடன் கொடுத்திருக்கின்றன. நடைக்கு மெருகு, கதைக்கு நகாசு, குரலில் பிசிறு. அவற்றுள் நகாசு அரபிலிருந்து உருது வழியாக வந்தது. ஒப்பனையைக் கேலி செய்யப் பட்டி டிங்கரிங். விமரிசகர்களுக்கு மெருகு என்ற சொல்மேல் மட்டும் அளவுக்கு மீறிய ஆசை. இழைப்பும் ராவுதலும் அவர்களிடம் சீண்டுவாரற்றுக் கிடக்கின்றன.

1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் தொழிற்சொற்கள் பல இடம்பெற்றன. ஆனால் அகரவரிசையில் சிதறிய சொற்களை வைத்து ஒரு பட்டறையைக் கண்முன் கொண்டுவர முடியாது. பீகார் உழவர் வாழ்வை மொழியறிஞர் கிரியர்சன் 1885-இலேயே கருவி கருவியாக, வேலை வேலையாகத் தொகுத்துக் காட்டினார். தெலுங்கில் மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி முன்னின்று தொடங்கிய தொழிற்சொல் அகராதியில் 1962-இல் வேளாண்மைக்கு ஒரு தொகுதியும், 1971-இல் கைத்தறிக்கு ஒரு தொகுதியும் வந்தன.