ஒட்டுப் போட்ட தகடு

பாய்லர் வெடித்தது என்று செய்தி வந்தால் ஊரில் முதலில் கேட்பது, "தண்ணி இல்லாம ஓட்டிட்டாங்களா?" என்றுதான். தண்ணீர் வற்றி வெடித்தவை நிறைய உண்டு. ஆனால் எங்கள் தொழிலுக்குச் சட்டதிட்டங்களைக் கொண்டுவந்த விபத்துகளில் சில வேறு மாதிரி. தகட்டில் கோளாறு என்று தெரிந்த பிறகும், பாய்லர் பழசாகிவிட்டது என்று தெரிந்த பிறகும், "இந்தத் தடவை மட்டும் ஓடட்டும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பாய்லர் ஹவுசிலேயே தலை நரைத்த நான், எந்த வெடிப்பைப் பற்றிப் படித்தாலும் அந்த யாரோ யார் என்றுதான் தேடுவேன்.

1865 ஏப்ரல். அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓய்ந்துகொண்டிருந்த நேரம். மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிப் படகு வடக்கே போய்க்கொண்டிருந்தது. அதில் நான்கு பாய்லர்கள். விக்ஸ்பர்க் நகரை நெருங்கும்போது ஒன்றில் கசிவு. தகடு வெளியே புடைத்திருந்தது. கரையிலிருந்து டெய்லர் என்ற பாய்லர் மேஸ்திரியை அழைத்து வந்தார்கள். முறையாகச் செய்தால் நாள் பிடிக்கும், அரைகுறை வேலை என்றால் நான் வரவில்லை என்று அவர் முதலில் மறுத்துவிட்டார். கேப்டன் மேசனுக்கோ காத்திருக்க முடியாது. தெற்கத்திச் சிறைகளிலிருந்து விடுதலையான வடபகுதிச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் விக்ஸ்பர்க்கில் ஊர் திரும்பக் காத்துக் கிடந்தார்கள். அவர்களை ஏற்றிப் போக அரசாங்கம் சிப்பாய்க்கு 5 டாலர், அதிகாரிக்கு 10 டாலர் என்று கட்டணம் கொடுத்தது. தாமதித்தால் வேறு படகுக்காரன் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். செயின்ட் லூயிஸ் போனதும் முழுசாகப் பழுதுபார்க்கிறேன் என்று மேசன் வாக்குக் கொடுத்தார். டெய்லர் இறங்கி வந்தார்.

புடைப்பின் மேலேயே கால் அங்குலத் தகட்டை வைத்து ரிவிட் அடித்தார்கள். பாய்லரின் சொந்தத் தகடு அதைவிடக் கனமானது. மெல்லிய தகடு போட்டால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. சதுர அங்குலத்துக்கு 145 பவுண்டு என்று அனுமதி பெற்றிருந்த பாய்லரை, அந்த ஒட்டுக்குப் பிறகு 100 பவுண்டு அளவிலேயே ஓட்டியிருக்க வேண்டும் என்று பின்னால் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அழுத்தத்தை யாரும் குறைக்கவில்லை. 376 பேருக்கு அனுமதி உள்ள படகில் 2,000 பேருக்கு மேல் ஏற்றினார்கள். ஏப்ரல் 27 விடியுமுன், மெம்பிஸ் தாண்டிச் சில மைல் தூரத்தில், பாய்லர்கள் வெடித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஒட்டுதான் முதலில் விட்டதா, பாரம் தாங்காமல் படகு சாய்ந்தாடியதில் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கியதா, தகட்டின் இரும்பே நொறுங்கும் ரகமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என் மனதில் நிற்பவர் டெய்லர்தான். சரியான வேலை எது என்று அவருக்குத் தெரியும். வாய்விட்டும் சொன்னார். படகை நிறுத்தி வைக்கும் அதிகாரம்தான் அவரிடம் இல்லை. அதிகாரம் இருந்தவருக்குப் படகு உடனே கிளம்ப வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டே, 1866-இல், கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் பாய்லர் இன்ஷூரன்ஸ் கம்பெனி தொடங்கியது. வெடித்தால் பணம் கொடுக்க வேண்டியவனே சோதனைக்கும் வருவான் என்ற ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்வேன். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத கோளாறு ஒன்று அதையும் தாண்டி வந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன், செருப்புத் தொழில் நகரம். 1905 மார்ச் 20 காலையில் அங்கே குரோவர் ஷூ ஃபாக்டரியில், புது பாய்லரை நிறுத்திவிட்டு, மாற்றாக வைத்திருந்த பழைய பாய்லரில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது வெடித்து மாடிகளைத் துளைத்துக்கொண்டு கூரைக்கு மேலே பறந்தது. மரக் கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் இறந்தார்கள்.

காரணம் ஜாயிண்ட். அந்தக் காலத்து பாய்லர்களில் தகட்டை உருட்டி, ஓரத்தின்மேல் ஓரம் ஏற்றி ரிவிட் அடிப்பார்கள். ஒரு காகிதத்தைச் சுருட்டி ஓரத்தை ஒட்டிப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் வட்டம் சரியாக வராது. உள்ளே அழுத்தம் ஏறும்போதெல்லாம் பாய்லர் முழு வட்டமாகப் பார்க்கும். ரிவிட் வரிசையோரம் தகடு மடங்கும். அழுத்தம் இறங்கினால் நிமிரும். வருஷக்கணக்கில் இப்படி மடங்கி நிமிர்ந்து மயிரிழை விரிசல் விடும். அது இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று மூடும் முகத்தில் தொடங்குவதால் உள்ளே இறங்கிப் பார்த்தாலும் தெரியாது, வெளியே இருந்து பார்த்தாலும் தெரியாது. ஹைட்ராலிக் டெஸ்டில் தாங்கிவிட்டு அப்புறம் கிழியும்.

நான் வேலை கற்ற காலத்தில் ஒரு பழைய ரிவிட் பாய்லரைத் திறந்தபோது, சீனியர் அண்ணன் ரிவிட் ஓரமாக மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பொடியைக் கரைத்துப் பூசச் சொன்னார். பூச்சு காய்ந்தது. சுத்தியால் மெல்லத் தட்டினார். வெள்ளைப் பரப்பில் மஞ்சளாக ஒரு கோடு ஊறி வந்தது. விரிசல் முகத்துக்கு வந்துவிட்டால் இப்படிப் பிடிக்கலாம். ஜாயிண்டுக்குள் ஒளிந்திருப்பதை இதனாலும் பிடிக்க முடியாது.

அதனால்தான் 1907-இல் மாசசூசெட்ஸ் போட்ட சட்டத்தையும், அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம் 1915-இல் வெளியிட்ட பாய்லர் விதிகளையும் நான் பெரிதாக மதிக்கிறேன். பெரிய பாய்லர்களில் நீளவாட்டில் ஓரமேற்று ஜாயிண்ட் கூடாது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளும் புறமும் பட்டை வைத்து ரிவிட் அடி என்றாயிற்று. பழைய பாய்லரில் அந்த ஜாயிண்ட் விரிசல் கண்டால் உடனே நிறுத்து, ஒட்டுப் போடாதே என்றும் அங்கே விதி வந்தது. கேப்டன் மேசன் மாதிரி ஒருவர் கேட்டாலும் டெய்லர் மாதிரி ஒருவர் புத்தகத்தைக் காட்டி மறுக்கலாம்.

நம் நாட்டில் 1863-இல் கல்கத்தாவில் நடந்த வெடிப்புக்குப் பிறகு, 1864-இல் வங்காளத்தில் முதல் சட்டம் வந்தது. மாகாணத்துக்கு ஒரு சட்டம் என்று குழம்பிக் கிடந்ததை 1923 பாய்லர் சட்டம் ஒன்றாக்கியது. அதில் எனக்குப் பிடித்தது 12-ஆம் பிரிவு: தலைமை இன்ஸ்பெக்டரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பாய்லரின் கட்டமைப்பில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்றது அது. சீசன் நடுவில் ஆலை நின்றால் முதலாளி துடிப்பார், மேனேஜர் கத்துவார். அந்தச் சமயத்தில், "நான் என்ன சார் செய்யறது, இன்ஸ்பெக்டர் கையெழுத்து வேணுமே" என்று சொல்ல முடிந்ததே எங்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

2007 திருத்தத்துக்குப் பிறகு தனியார் சோதனையாளர்களும் உள்ளே வந்தார்கள். 2025-இல் 1923 சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டமே வந்துவிட்டது. தனியாரில் திறமைசாலிகள் இருக்கிறார்கள். அவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் ஹார்ட்ஃபோர்ட்காரன் வெடித்தால் தன் கைப்பணத்தை இழப்பான். ஆலை கொடுக்கும் ஃபீஸில் வருகிறவர், வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வருஷ வேலையை இழப்பார். வருஷாந்திர சோதனை யாரிடம் வேண்டுமானாலும் இருக்கட்டும். அடிபட்ட தகட்டுக்கு ஒட்டுப் போடலாமா, ஓட்டலாமா என்ற ஒப்புதல் மட்டும் அரசு இன்ஸ்பெக்டர் கையில்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். இப்போதும் கேட்கிறேன்.