மேலே வீடு, கீழே குழாய்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். வெளியூரில் ஒரு மனை பார்த்திருக்கிறான். அக்கம்பக்கத்தைவிடச் சென்ட்டுக்கு விலை குறைவு. ஏன் என்று கேட்டதற்குத் தரகர், "அடியில ஏதோ குழாய் போவுது தம்பி. மேல வீடு, கீழ குழாய், ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாராம். என்ன குழாய் என்று அவருக்கே தெரியவில்லை. பட்டா இருக்கிறது, வில்லங்கச் சான்று சுத்தம், வாங்கலாமா சார் என்று கேட்டான். அவனிடம் பத்து நிமிடம் பேசியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். உங்களில் பலர் மனை வாங்கும் வயதில் இருக்கிறீர்கள்.

வீட்டில் தாத்தா காலத்துப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லையும் சொல்லி முடித்த பிறகு, கடைசியில் மாமூல் வழிநடைப் பாத்தியம், வண்டிப்பாதை பாத்தியம், கிணற்றில் பாதி, வாய்க்காலில் நீர் பாய்ச்சும் பாத்தியம் என்று ஒரு வரிசை வரும். நாம் விஸ்தீரணத்தைப் படிப்போம், தொகையைப் படிப்போம், இந்த வரிசையைத் தாண்டிவிடுவோம். நிலம் ஒருவருடையது, அதில் நடக்கவும் நீர் கொண்டுபோகவும் இன்னொருவருக்கு உரிமை என்பதுதான் அந்த வரிசையின் பொருள்.

இது வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்ததும் அல்ல. முதலாம் இராசராசன் காலத்து ஆனைமங்கலச் செப்பேட்டிலும், அதற்கு முந்தைய பல்லவர் செப்பேடுகளிலும், ஊரைக் கொடுத்ததோடு நிற்காமல் அங்கே என்னென்ன செய்யலாம் என்றும் எழுதினார்கள். சுட்ட செங்கல்லால் மாளிகை கட்டலாம், கிணறு வெட்டலாம், வாய்க்கால் எடுக்கலாம். அந்த வாய்க்காலைப் பிறர் குறுக்கே வெட்டி நீர் எடுக்கக் கூடாது. வீடு கட்டும் உரிமையையும் நீர் போகும் உரிமையையும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரே பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் சட்டமாகத் தொகுத்தது 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டம். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய மூன்று இடங்களுக்குத்தான் பொருந்தியது. பம்பாய்க்குக்கூட 1891இல்தான் போனது. ஆக நம் தென்னாற்காடு ஜில்லாவுக்கு அது முதல் நாளிலிருந்தே சட்டம். வெளிப்படையாக, சண்டையில்லாமல், இடைவிடாமல் 20 ஆண்டு ஒரு வழியையோ வாய்க்காலையோ உரிமையோடு அனுபவித்தால் அது பாத்தியமாகிவிடும். "போய்க்கோப்பா" என்று தயவில் விட்டிருந்தால் ஆகாது. 24ஆம் பிரிவில் ஒரு எடுத்துக்காட்டு வருகிறது. அடுத்தவர் நிலத்தில் குழாய் பதிக்கும் உரிமை உள்ளவர், பழுது பார்க்க அந்த நிலத்தில் நுழைந்து தோண்டலாம்; தோண்டியதைப் பழையபடி மூடிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த எடுத்துக்காட்டை நான் ஐம்பது வயதுக்குமேல்தான் படித்தேன். முன்பே படித்திருந்தால் என் சித்தப்பாவோடு ஆறு வருடம் பேசாமல் இருந்திருக்க மாட்டேன்.

எங்கள் கிணறு பங்குக் கிணறு. பாதி அப்பாவுக்கு, பாதி சித்தப்பாவுக்கு. கவலை ஓட்டிய காலத்தில் எங்கள் மனை வழியாகத் திறந்த வாய்க்காலில் தண்ணீர் சித்தப்பா கொல்லைக்குப் போகும். மோட்டார் வந்த பிறகு அதே தடத்தில் சிமெண்ட் குழாயைப் புதைத்தார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1993இல் லோன் போட்டு வீடு கட்டும்போது கொத்தனார், "சார், அடியில குழாய் போவுது" என்றார். சமையலறைச் சுவரை அதன்மேலேயே எழுப்பச் சொன்னவன் நான்தான். இரண்டே வருடத்தில் சுவரின் பாரத்தில் குழாய் விரிந்தது. எங்கள் சமையலறைத் தரை இறங்கியது, அங்கே சித்தப்பாவின் கரும்பு காய்ந்தது. அவர் கடப்பாரையோடு வந்து நின்றபோது, "என் வீட்டை இடிக்க வந்தீங்களா?" என்று கேட்டேன். அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. என் மகள் காதுகுத்துக்கும் வரவில்லை. பிறகு என் செலவில் சுவருக்கு வெளியே சுற்றிப் புதுக் குழாய் போட்டேன். பள்ளத்தின் ஓரம் வந்து நின்று பார்த்தவர், "வாட்டம் பத்தாதுடா" என்றார். ஆறு வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

இது அண்ணன் தம்பிக்குள் முடிகிற குழாய். மாணவன் கேட்டது வேறு வகையாகவும் இருக்கலாம்.

எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கு 1962இல் தனிச் சட்டம் வந்தது. அதில் அரசு நிலத்தை வாங்காது. அடியில் குழாய் பதிக்கும் 'பயன்பாட்டு உரிமை'யை மட்டும் அரசிதழ் அறிவிப்பின் மூலம் எடுத்துக்கொள்ளும். ஆட்சேபம் சொல்ல 21 நாள். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், உழலாம், விதைக்கலாம். ஆனால் 9ஆம் பிரிவின்படி அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறோ குளமோ வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. ஈடு, சந்தை மதிப்பில் 10 சதவீதம்.

இதில் கவனிக்க வேண்டியது 7ஆம் பிரிவு. அறிவிப்புக்கு முன்பே குடியிருப்பாக இருந்த நிலம், நிலையான கட்டடம் நிற்கும் நிலம், வீட்டை ஒட்டிய நிலம் ஆகியவற்றின் அடியில் குழாய் போடக் கூடாது. மற்ற இடங்களிலும் ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் போடக் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிற்கிற வீட்டுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. பையனுக்குக் கல்யாணம் ஆனதும் கட்டலாம் என்று மனதில் வைத்திருக்கும் வீட்டுக்கு இல்லை.

மேற்கு மாவட்டங்களின் போராட்டம் இதிலிருந்துதான் வந்தது. கொச்சியிலிருந்து பெங்களூருக்கு கெயில் நிறுவனம் திட்டமிட்ட எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் போக வேண்டியது. பட்டையின் அகலம் 20 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள் (பழக்கதோஷம், மன்னிக்கவும்). சதுரமான ஒரு ஏக்கரின் பக்கம் ஏறக்குறைய 63.6 மீட்டர். நடுவே 20 மீட்டர் போனால் 31 சென்ட். அதற்குக் கிடைப்பது மூன்று சென்ட் விலை. தென்னை வைத்திருப்பவர் கதி என்ன? 2013இல் தமிழக அரசு, குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். விவசாயிகள் கேட்டது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

கட்டாதே என்ற தடை வெறும் கெடுபிடி என்றும் சொல்ல மாட்டேன். 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் என்ற ஊரில் எரிவாயுக் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். குழாய்க்கு அருகே வீடுகளும் கடைகளும் இருந்தன.

நமக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. சென்னையிலிருந்து திருச்சி, மதுரைக்குப் பெட்ரோல், டீசல் கொண்டுபோகும் இந்தியன் ஆயில் குழாய்க்கு நம் மாவட்டத்து ஆசனூரில் ஒரு முனையம் இருக்கிறது. கல்வராயன் மலையில் நான் வேலை பார்த்தபோது, ஊற்றுத் தண்ணீரைக் கருப்பு ஓஸில் நாலு பேர் கொல்லை தாண்டிக் கொண்டுவருவார்கள். காகிதம் கிடையாது, வாய்ச்சொல்தான். அங்கேயும் வீடு கட்டும்போதுதான் பேச்சு வரும்.

மாணவனிடம் சொன்னது இதுதான். வில்லங்கச் சான்று சுத்தம் என்பதை மட்டும் நம்பாதே. அரசிதழ் அறிவிப்பு அதில் வரும் என்ற உறுதி இல்லை. பக்கத்து நிலங்களில் எச்சரிக்கைப் பலகை, அடையாளக் கல் இருக்கிறதா என்று நடந்து பார். புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போய் சர்வே எண்ணைச் சொல்லிக் கேள். தாய்ப் பத்திரத்தின் கடைசிப் பத்தியைப் படி. அதில் வாய்க்கால் பாத்தியம் இருந்தால் அந்தப் பங்காளியையே நேரில் போய்ப் பார். அதுவரை முன்பணம் கொடுக்காதே.

திங்கட்கிழமை போகிறேன் சார் என்றான். தரகர் தினமும் போன் செய்கிறாராம்.