மாரியம்மன் தாலாட்டும் அம்மைப்பாலும்



ஆடித் திங்களில் நம் இல்லங்கள் பலவற்றில் மாரியம்மன் தாலாட்டு ஓதப்படுகின்றது. ஓதுவோருட் பலர், அந்நூலை நம் முன்னோர் எத்தகைய இடருக்கு அஞ்சிக் கையில் எடுத்தனர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வரலாற்றைச் சிறிது ஆராய்தலே ஈண்டு எம் நோக்கமாம்.

வைசூரி எனப்படும் பெரியம்மை கண்டாருள் ஏறக்குறையப் பத்தில் மூவர் மாண்டனர். பிழைத்தோர் முகத்தில் வடுவொடு எழுந்தனர். சிலர் கண்ணொளியும் இழந்தனர். இக்கொடிய நோயை நம் முன்னோர் ‘அம்மை’ என்றனர். கொப்புளத்தை ‘முத்து’ என்றனர். தணிதலை ‘முத்து இறங்குதல்’ என்றனர். வெகுண்ட தாயைக் குளிர்வித்தலே மக்கட்குரிய கடன் எனக் கொண்டு, அவளையே குழவியாக்கித் தாலாட்டினர்.

தாலாட்டு ஓதிய இல்லத்தார் வேறு சில நெறிகளையும் காத்தனர். வாயிலில் வேப்பிலை செருகினர். அதுகண்ட அயலார் உட்புகார். தாளிதம் செய்யார், விருந்து ஏற்கார், தலைக்குத் தண்ணீர் விடுங்காறும் நோயாளியை வெளியே விடார். தினவெடுத்த உடலை வேப்பங்கொத்தால் வருடினர். நோய் அயல்மனை புகாமைக்கு இவ்வொழுக்கம் ஓரளவு துணை செய்ததென்பதில் ஐயமில்லை. எனினும், இது நோய் வந்தபின் ஒழுகும் நெறியேயன்றி, வாராமற் காக்கும் நெறியன்று.

வாராமற் காக்கும் வழியை 1796-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேயத்து மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் கண்டறிந்தார். பசுவிற்கு வரும் அம்மையின் பாலை மனிதர் உடலிற் குத்தினால் பெரியம்மை அணுகாது என்பதே அது. 1802-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் ஒரு குழந்தைக்கு அது முதன்முதல் குத்தப்பெற்றது. அம்மை குத்திக்கொள்வது தேவியைச் சினமூட்டுவதாகுமென மக்கள் பலர் அஞ்சினர். சென்னையில் கலெக்டராயிருந்த தமிழறிஞர் எல்லீசர் இவ்வச்சத்தை அறிந்து, சத்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக ஒரு கதை இயற்றினார். அம்மைப்பால் தேவியே ஆவின் வழியாக அருளிய கொடை என்பது அதன் கருத்து. அவர் மக்களின் வழிபாட்டை இகழ்ந்திலர். அவ்வழிபாட்டின் மொழியிலேயே மருந்தை எடுத்துரைத்தார்.

எம் பாட்டியார் முகத்தில் அம்மை வடு உண்டு. அவர்தம் தம்பி அந்நோயால் இளமையிலேயே இறந்தார். அம்மை குத்துபவர் ஊருக்கு வந்த நாளில் அண்டை மனையார் குழந்தைகளைப் பரண்மேல் ஒளிப்பாராம். எம் பாட்டியாரோ எம் தந்தையாரைத் தாமே தூக்கிச் சென்று, “இவரையும் அவள்தானே அனுப்பியிருக்கிறாள்!” என்று கை நீட்டச் செய்தாராம். அவர் எல்லீசர் கதையைக் கேட்டறியாதவர். இறுதிநாள்வரை தாலாட்டு ஓதுதலையும் விட்டிலர்.

இந்திய மண்ணில் தோன்றிய பெரியம்மை 1975-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. 1980-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகமே அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பெற்றது.

ஆயினும் அச்சம் ஒழிந்ததா? 2017-ஆம் ஆண்டில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் பள்ளிகள்தோறும் ஊசி இடப்பட்டபோது, வீண் வதந்தியை நம்பிப் பெற்றோர் சிலர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது நிறுத்திக்கொண்டதை ஆசிரியராகிய யாம் கண்டோம். அவருள் நம்மவரும் இருந்தனர் என எழுத நேர்ந்தமைக்கு வருந்துகின்றோம்.

அன்பர்களே! வரும் ஆடியிலும் தாலாட்டை நாம் தவறாது ஓதுவோம். ஓதும் இல்லத்தில் ஒன்பது மாதம் நிரம்பிய குழந்தை இருப்பின், தட்டம்மை ஊசி இடப்பெற்றதா எனக் கேட்டறிவோம்; இடப்பெறாவிடின் அண்மையிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்வோம். தம்பியை இழந்த எம் பாட்டியார் செய்தது அதுவே.