டேட்டன் நகரத்து வழக்கு

1925ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்க நாட்டு டென்னசி மாநிலத்தில் டேட்டன் என்னும் சிற்றூரில் ஒரு வழக்கு நடைபெற்றது. அவ்வூரின் மக்கள்தொகை இரண்டாயிரத்தையும் எட்டவில்லை. எனினும் நாட்டின் பெரிய செய்தித்தாள்கள் யாவும் தம் நிருபர்களை அங்கு அனுப்பின. சிகாகோ நகர வானொலி நிலையம் ஒன்று நீதிமன்றத்திற்குள்ளேயே ஒலிவாங்கிகளை அமைத்தது; தொலைபேசிக் கம்பி வழியே ஒலியைப் பெற்று வீடுதோறும் பரப்பியது. அமெரிக்காவில் வழக்கு விசாரணை ஒன்றை மக்கள் வானொலி வழியாக உடனுக்குடன் கேட்டது அதுவே முதன்முறை.

மனிதன் கீழ்நிலை உயிர்களிலிருந்து தோன்றினான் என்று ஆசிரியர் ஒருவர் பள்ளியில் கற்பித்தார் என்பதே குற்றச்சாட்டு. இத்தனை பேர் செவிமடுத்த வழக்குக்குப் பின், பரிணாமக் கொள்கை பற்றிய தெளிவு நாட்டில் பெருகியிருக்க வேண்டும் அன்றோ? நேர்ந்ததோ வேறு. பள்ளிப் பாடநூல்களிலிருந்து அச்சொல்லே மறையத் தொடங்கியது. இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

சார்லஸ் டார்வின் 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலை 1859ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வெளியிட்டார். அந்நூற்றாண்டு முடிவதற்குள், உயிரினங்கள் காலப்போக்கில் மாறி வந்துள்ளன என்பதை அறிவியலார் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டனர். அதுவரை பொதுமக்களிடையே பெரும் கிளர்ச்சி எழவில்லை. அறிஞர் ஏட்டில் இருந்த ஒன்று குழந்தையின் ஏட்டிற்கு வந்தபோதுதான் கிளர்ச்சி பிறந்தது. 1890ஆம் ஆண்டளவில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பயின்றோர் ஏறத்தாழ 2 இலட்சம் பேர். 1920இல் அத்தொகை 20 இலட்சத்தை நெருங்கியது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் முதன்முதலாக உயிரியல் நூலைக் கையில் ஏந்தி வீடு திரும்பினர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பெற்றோர் கேட்கலாயினர்.

டென்னசி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்த பட்லர் என்னும் உழவர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். விவிலியம் கூறும் மனிதப் படைப்பை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்கினத்திலிருந்து தோன்றினான் என்று அரசின் பொருள் பெறும் பள்ளிகளில் கற்பிப்பது குற்றம். தண்டம் 100 முதல் 500 டாலர் வரை. 1925ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அது சட்டமாயிற்று.

இச்சட்டத்திற்குத் துணைநின்ற பெருந்தலைவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ஆவார். மும்முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர். அயல்நாட்டு அமைச்சராக விளங்கியவர். எளியோர்க்காகப் பேசிய நாவலர். அவரை அறிவிலி என்று ஒதுக்கிவிடுதல் எளிது; ஆனால் நேர்மையாகாது. முதல் உலகப்போரில் செர்மானியப் படைத்தலைவர் சிலர், வலியது வெல்வதே இயற்கையின் நீதி என்று கூறிப் போரை நியாயப்படுத்தினர் என்பதை அவர் படித்திருந்தார். இக்கொள்கை பரவினால் இரக்கம் அழியும், வலியவன் எளியவனை நசுக்குவான் என்று அஞ்சினார். அவருடைய அச்சத்தில் அறநோக்கம் இருந்தது. ஆனால் அவர் அஞ்சியது டார்வினின் கொள்கையை அன்று; அதன் பெயரால் பிறர் திரித்துக் கூறிய ஒன்றையே ஆகும்.

குடியுரிமைகளைக் காக்கும் சங்கம் ஒன்று, இச்சட்டத்தை நீதிமன்றத்தில் சோதிக்க முன்வரும் ஆசிரியருக்குத் துணைநிற்பதாகச் செய்தித்தாளில் அறிவித்தது. டேட்டன் நகரப் பெரியோர் சிலர் அதைக் கண்டனர். வழக்கு தம் ஊரில் நடந்தால் ஊருக்குப் பெயர் வரும், வாணிகம் செழிக்கும் என்று எண்ணினர். மே 5ஆம் நாள் மருந்துக் கடை ஒன்றில் கூடி, ஜான் ஸ்கோப்ஸ் என்னும் 24 வயது ஆசிரியரை அழைத்துவரச் செய்தனர். அவர் உயிரியல் ஆசிரியர்கூட அல்லர்; உயிரியல் ஆசிரியர் வாராத நாளில் அவ்வகுப்பைச் சிலகாலம் பார்த்துக்கொண்டவர். பரிணாமப் பகுதியை வகுப்பில் நடத்தினோமா என்பதே அவருக்கு உறுதியாக நினைவில் இல்லை. எனினும் வழக்கிற்கு இசைந்தார்.

ஹண்டர் என்பவர் எழுதி 1914இல் வெளிவந்த 'குடிமை உயிரியல்' என்னும் பாடநூலையே அவர் பயன்படுத்தினார். அந்நூலைப் பள்ளிகளுக்கு விதித்தது டென்னசி அரசு. அந்நூலிலுள்ள ஒரு பகுதியைக் கற்பித்தல் குற்றமென விதித்ததும் அதே அரசு. அவர்கள் கூடிப் பேசிய மருந்துக் கடையிலேயே அந்நூல் விற்பனைக்கு இருந்தது! சட்டம் செய்தவர்கள் பாடநூலைப் புரட்டிப் பார்க்கவில்லை போலும்.

ஜூலை 10ஆம் நாள் விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்பில் பிரையன். ஆசிரியர் தரப்பில் புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ. வீதியெங்கும் திருவிழாக் கோலம். குரங்குப் பொம்மைகள் விற்கப்பட்டன. பழக்கப்படுத்திய சிம்பன்சி ஒன்றுக்குச் சட்டை போட்டு அழைத்துவந்தனர். செய்தித்தாள்கள் இதனைக் 'குரங்கு வழக்கு' என்றே அழைத்தன. அப்பெயரிலேயே தவறான கருத்து குடிகொண்டது.

அத்தவற்றை நீக்கவல்லோர் ஊரில் இல்லாமல் இல்லை. விலங்கியல், நிலவியல், மானிடவியல் வல்லுநர் பலர் ஆசிரியர் தரப்புச் சாட்சிகளாக வந்து காத்திருந்தனர். அவர்களுள் மேனார்டு மெட்காஃப் என்னும் விலங்கியலார் ஒருவரே கூண்டில் ஏறினார். அவர் திருச்சபையில் உறுப்பினர். விவிலிய வகுப்பு நடத்தியவருங்கூட. சமயப் பற்றும் அறிவியலும் ஒருவர் உள்ளத்தில் ஒருங்கே வாழ முடியும் என்பதற்கு அவரே சான்றாக நின்றார். ஆனால் அவர் பேசியபோது நடுவர் பன்னிருவரும் வெளியே அனுப்பப்பட்டிருந்தனர். கொள்கை உண்மையா பொய்யா என்பது வழக்கன்று, ஆசிரியர் அதைக் கற்பித்தாரா என்பதே வழக்கு என்று கூறி, நீதிபதி ரால்ஸ்டன் அறிவியலார் சாட்சியத்தை விலக்கிவிட்டார். நடுவர் இறுதிவரை அதைக் கேட்கவில்லை.

ஜூலை 20ஆம் நாள், வெப்பமும் கூட்டமும் மிகுந்தமையால் நீதிமன்றம் வெளியே மரநிழலுக்கு மாறியது. டாரோ, பிரையனையே சாட்சியாக அழைத்துக் கேள்விகளை அடுக்கினார். படைப்பின் ஆறு நாளும் இருபத்துநான்கு மணி கொண்ட நாள்கள்தாமா என்று வினவியபோது, அவை நெடுங்காலங்களாக இருக்கலாம் என்று பிரையன் ஒப்பினார். மக்கள் இவ்விருவர் சொற்போரைப் பெரிதும் சுவைத்தனர். ஆயினும் பரிணாமம் யாதென அதில் விளங்கியது ஒன்றுமில்லை. மறுநாள் நீதிபதி அதனைப் பதிவிலிருந்து நீக்கினார். நடுவர் ஒன்பது நிமிடத்தில் குற்றவாளி என்று முடிவு கூறினர். தண்டம் 100 டாலர். ஐந்து நாள் கழித்து, அவ்வூரிலேயே பிரையன் உறக்கத்தில் உயிர் நீத்தார். 1927இல் மாநில உயர்மன்றம் தண்டத்தை நீக்கியது. 50 டாலருக்கு மேற்பட்ட தண்டத்தை நடுவரே விதிக்க வேண்டும், நீதிபதி விதித்தது முறையன்று என்பதே காரணம். சட்டமோ அப்படியே நின்றது.

கூண்டிற்கு வெளியே நின்ற அவ்வறிஞர்கள் விளக்கியிருக்கக் கூடியவை யாவை? இன்றும் நம்மிடையே உலவும் நான்கு பிழைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மனிதன் குரங்கிலிருந்து பிறந்தான் என்பது முதற்பிழை. நம் பெரியப்பாவின் மகனைக் காட்டி, 'இவர் என் பாட்டனார்' என்று நாம் கூறுவதில்லை. 'எங்கள் இருவருக்கும் பாட்டனார் ஒருவர்' என்றே கூறுவோம். மனிதனும் சிம்பன்சியும் அவ்வாறே. ஏறத்தாழ 60 அல்லது 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன. 'அப்படியாயின் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன?' என்ற வினா, 'நான் இருக்கும்போது என் பெரியப்பா மகன் ஏன் இருக்கிறார்?' என்பதைப் போன்றதே.

பரிணாமம் என்பது ஏணி என்பது இரண்டாம் பிழை. நம் மொழியில் வழங்கும் 'படிமலர்ச்சி' என்னும் அழகிய சொல்லும், கவனமின்றிப் படித்தால், படிப்படியாக மனிதனை நோக்கி ஏறுவது என்ற எண்ணத்தைத் தரக்கூடும். உண்மையில் அது கிளைத்துப் பரவும் ஆலமரம். மனிதன் அதன் உச்சியல்லன். ஒரு கிளையின் நுனி.

மூன்றாம் பிழை, தேவை ஏற்பட்டதால் உயிர்கள் தம்மை மாற்றிக்கொண்டன என்பது. நோய்க்கிருமிகள் மருந்துக்கு அடங்காமற் போவதைக் காண்கிறோம். மருந்தைக் கண்டு கிருமி திட்டமிட்டு மாறுவதில்லை. கோடிக்கணக்கான கிருமிகளில், தற்செயலாக நேர்ந்த மாற்றத்தால் மருந்தைத் தாங்கவல்ல சில இருக்கும். மற்றவை மடிய, அவை பிழைத்துப் பெருகும். வேறுபாடு முன்னே, தேர்வு பின்னே. இதுவே இயற்கைத் தேர்வு. 'தக்கது நிலைக்கும்' என்னும் தொடரை 1864இல் ஆக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் பின்னரே அதை மேற்கொண்டார். தக்கது என்பது அவ்விடத்திற்கும் அக்காலத்திற்கும் பொருந்துவது. வலியது என்று பொருளன்று. மேலும், இயற்கையில் நடப்பதைக் கூறுவது வேறு. மனிதன் நடக்க வேண்டிய நெறியைக் கூறுவது வேறு. இதை மறந்தவர் பிரையன் அஞ்சிய படைத்தலைவர் மட்டுமல்லர். வழக்கிற்குரிய ஹண்டரின் பாடநூலே மனித இனங்களை வரிசைப்படுத்தி வெள்ளையரை உயர்வாக வைத்தது. குறையுடையோர் பெருகாமல் தடுக்க வேண்டும் என்றும் எழுதியது. இன்றைய அறிவியல் அதை ஏற்பதில்லை. பிழையான நூலைத் திருத்தும் வழி அதன் பிழையைக் காட்டுவதே. அதிலுள்ள உண்மையையும் சேர்த்து மறைப்பதன்று.

நான்காம் பிழை, 'அது வெறும் கொள்கைதானே' என்பது. நாட்டு வழக்கில் கொள்கை என்பது ஒருவர் விரும்பி மேற்கொள்வது. ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு வேறொன்று. அறிவியலில் அச்சொல்லின் பொருள் வேறு. பல்லாயிரம் சான்றுகளை ஒருங்கிணைத்து விளக்கி, சோதனைக்கு உட்பட்டு நிற்பதே அங்குக் கொள்கை எனப்படும். 2004இல் கனடாவின் வடகோடியில், மீனுக்கும் நிலத்தில் நடக்கும் நாற்கால் உயிர்க்கும் இடைப்பட்ட 'டிக்டாலிக்' என்னும் விலங்கின் புதைபடிவம் கிடைத்தது. 37 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறைகளில் அத்தகையது இருக்க வேண்டும் என்று முன்னரே கணித்து, தேடிச் சென்றே அதைக் கண்டெடுத்தனர். வெறும் ஊகம் இவ்வாறு இடம் சுட்டி வழிகாட்டுமோ?

வழக்கு முடிந்தபின் நேர்ந்ததைக் காண்போம். மிசிசிப்பி 1926இலும், ஆர்க்கன்சா 1928இலும் அத்தகைய சட்டங்களை இயற்றின. இவற்றினும் பெருந்தீங்கு ஓசையின்றி நிகழ்ந்தது. பாடநூல் வெளியிடுவோர் வாணிகத்தை எண்ணி அஞ்சினர். 1926இல் வெளிவந்த ஹண்டரின் புதிய பதிப்பில் பரிணாமம் என்னும் சொல் இல்லை. பிற நூல்களும் அதைச் சுருக்கின, அல்லது விட்டன. தடைச்சட்டம் இருந்தது சில மாநிலங்களில். மௌனமோ நாடெங்கும் பரவியது. இதற்கிடையே 1955இல் இவ்வழக்கைத் தழுவிய நாடகம் ஒன்றும், 1960இல் அதன் திரைப்படமும் வந்தன. டேட்டனில் அறிவியல் வென்றது என்றே அவற்றைக் கண்டோர் பலர் எண்ணினர். சொற்போரில் வென்றிருக்கலாம், வகுப்பறையில் அது தோற்றுக்கொண்டிருந்தது.

1957இல் சோவியத்து நாடு செயற்கைத் துணைக்கோளை ஏவியது. தம் அறிவியற் கல்வி பின்தங்கியதோ என்று அமெரிக்கர் விழித்தெழுந்தனர். அரசின் பொருளுதவியுடன் உயிரியலார் கூடி எழுதிய புதிய பாடநூல்கள் 1963இல் வெளிவந்தன. பரிணாமம் அவற்றில் நடுநாயகமாக விளங்கியது. ஆர்க்கன்சாவில் சூசன் எப்பர்சன் என்னும் ஆசிரியை, ஸ்கோப்ஸின் இக்கட்டிலேயே சிக்கினார்: விதிக்கப்பட்ட புதிய நூலை நடத்தினால் பழைய சட்டப்படி குற்றம். அவர் வழக்குத் தொடுத்தார். 1967இல் டென்னசி தன் சட்டத்தைத் தானே நீக்கிக்கொண்டது. 1968இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் எப்பர்சன் பக்கம் தீர்ப்பளித்தது. டேட்டன் தீர்ப்பிற்கும் இதற்கும் இடையே 43 ஆண்டுகள். அதன்பின்னும் பரிணாமத்திற்கு ஈடாகப் படைப்புக் கொள்கையைப் பள்ளியில் நுழைக்கும் முயற்சிகள் எழுந்தன. 1987இலும் 2005இலும் நீதிமன்றங்கள் அவற்றைத் தடுத்தன.

இது பிற நாட்டார் கதை என்று நாம் வாளாவிருத்தல் இயலாது. 2023ஆம் ஆண்டு, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. மாணவர் சுமையைக் குறைத்தலே நோக்கம் என்று கூறப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் இருப்பதும் சுட்டப்பட்டது. ஆனால் பத்தாம் வகுப்பிற்குப் பின் உயிரியலைத் தொடராத மாணவர் எத்தனை பேர்! அவர்கள் அதைப் பள்ளியில் காணாமலே போவர் என்று கூறி, அறிவியலாரும் ஆசிரியருமாக 1,800க்கும் மேற்பட்டோர் தம் மறுப்பைத் தெரிவித்தனர்.

டேட்டன் வழக்கு நமக்கு உணர்த்துவது இதுவே. பரிணாமத்தை எதிர்த்து உரத்துப் பேசியவரால் அறிவு குன்றியதைவிட, அதைப் பற்றிப் பேசாமல் நகர்ந்த பாடநூல்களால் குன்றியதே மிகுதி. எதிர்ப்பு வந்தால் விடை கூறலாம். மௌனத்திற்கு விடை கூறுவது எங்ஙனம்? கற்பிக்கப்படாத இடத்தில் கேலிப் பேச்சும் குரங்குப் பொம்மையும் ஆசிரியர்களாகிவிடும்.

மாணவர்களே, இக்கொள்கையை நம்புங்கள் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த வேண்டுவதில்லை. அது என்ன கூறுகிறது, எச்சான்றின்மேல் நிற்கிறது என்று கேட்டறியுங்கள். ஐயம் இருந்தால் வகுப்பில் எழுந்து வினவுங்கள். டேட்டன் நீதிமன்றத்தில் நடுவர் பன்னிருவரும் சான்றைக் கேளாமலே தீர்ப்பளித்தனர். அவர்களுக்கு அது விலக்கப்பட்டிருந்தது. உங்களுக்கு நூலகத்தின் கதவு திறந்தே இருக்கிறது.