மஞ்சப்பையில் வரும் மாத்திரைகள்



சென்ற வாரம் நம் எம். புதுப்பட்டித் தம்பி ஒருவர் கேட்டார்: "சார், ஆஸ்பத்திரியில் சேர்த்த உடனே பழைய மாத்திரையை எல்லாம் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுகிறார்களே, எதற்கு?" சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

என் தலைமுறை பார்த்த ஆஸ்பத்திரி வேறு. வீட்டிலிருந்து கண்ணாடிப் புட்டி கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் அதில் மிக்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்கு ஓரம் வெட்டிய காகிதத்தை ஒட்டித் தருவார். உள்ளே என்ன மருந்து என்று எழுதியிருக்காது. ரோஸ் கலர் மருந்து, வெள்ளை மருந்து என்று நிறத்தை வைத்துத்தான் பேச்சு. அப்போது அது பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை. காய்ச்சல் வரும், மருந்து குடிப்போம், தீர்ந்துவிடும். ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

இன்று தெருவில் அப்படிச் சாப்பிடாதவரைத் தேட வேண்டியிருக்கிறது. மாத்திரை வரும் வழிகளும் பெருகிவிட்டன. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் ஏற்பாடு அது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றின என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அரசு அட்டையில் மெட்ஃபார்மின் என்றிருக்கும், தனியார் டாக்டர் சீட்டில் கிளைகோமெட் என்றிருக்கும். இரண்டும் ஒரே மருந்து. அட்டையும் பெயரும் வேறாக இருப்பதால் இரண்டையும் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இது போதாதென்று மெடிக்கல் கடையில் "உடம்பு வலிக்கு ரெண்டு செட்" என்று கேட்டு வாங்குவது வேறு. காகிதப் பொட்டலத்தில் பெயரே இல்லாத நாலு மாத்திரை இருக்கும். அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருந்தால் யாருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரியில் சேரும் நேரத்தில்தான் இவை எல்லாம் மோதுகின்றன. சாப்பிட்டுவந்த ஒன்று விட்டுப்போகலாம், ஒன்றே இரண்டு பெயரில் போகலாம், அளவு மாறலாம். நம் உறவில் ஒரு பெரியம்மாவுக்கு எலும்பு முறிவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் தைராய்டு மாத்திரை இல்லை. டாக்டர் நிறுத்திவிட்டார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். யாரும் நிறுத்தவில்லை, எழுத மறந்திருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து முகம் வீங்கி, எழுந்து நடக்கச் சக்தி இல்லாமல் போன பிறகுதான் தெரிந்தது.

இந்தியாவில் பழைய மருந்தின் கணக்கு நீதிமன்றம் வரை போன வழக்கு அனுராதா சாஹா வழக்கு. அமெரிக்காவில் வசித்த அவர் 1998 கோடையில் கணவர் டாக்டர் குணால் சாஹாவுடன் கொல்கத்தா வந்திருந்தார். தோலில் தடிப்பு வந்தது. மூத்த மருத்துவர் ஒருவர் மே 7 அன்று டெப்போமெட்ரால் என்ற ஸ்டீராய்டு ஊசியை 80 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை எழுதினார். உடலில் தங்கி மெல்ல மெல்ல வேலை செய்யும் மருந்து அது. ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் ஒன்றிரண்டு வாரம் இடைவெளி விடுவதே வழக்கம். மே 11 அன்று அனுராதாவை ஏ.எம்.ஆர்.ஐ. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசி எழுதியவர் அமெரிக்கா கிளம்பிவிட்டார். அடுத்து வந்த மருத்துவர்கள் இன்னொரு ஸ்டீராய்டை மாத்திரையாக எழுதினார்கள். உள்ளே ஏற்கெனவே சேர்ந்திருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தோல் உரிந்துபோன நிலையில் 17-ம் தேதி மும்பைக்குக் கொண்டுபோனார்கள். 28-ம் தேதி இறந்தார்.

முதல் தவறு ஊசியின் அளவுதான். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் போன பிறகாவது ஒருவர் உட்கார்ந்து இதுவரை என்னென்ன போயிருக்கிறது என்று கூட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? 2009-ல் உச்ச நீதிமன்றம் அலட்சியம் என்று தீர்ப்பளித்தது. 2013 அக்டோபர் 24 அன்று இழப்பீட்டை வட்டி நீங்கலாக 5.96 கோடி ரூபாயாக உயர்த்தியது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். கனடாவின் டொராண்டோவில் 151 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2005-ல் வெளிவந்தது. அவர்களில் 53.6 சதவீதம் பேருக்கு, சேர்க்கும்போது எழுதிய மருந்துக்கும் வீட்டில் சாப்பிட்ட மருந்துக்கும் ஒரு வித்தியாசமாவது இருந்தது, அதுவும் யாரும் வேண்டுமென்று செய்யாமலே. விட்டுப்போனவையே அதிகம். அதே ஆண்டு அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, மருந்துப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்ப்பதைக் கட்டாய இலக்காக்கியது. ஆஸ்பத்திரிகள் திணறியதால் 2009-ல் அதற்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவைத்து, 2011-ல் எளிதாக்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு வசதி உள்ள நாட்டிலேயே இந்தப் பாடு.

நம் பக்கத்துக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2023 அக்டோபர் 17 ரெங்கபாளையம் என்று தேதிகளை நாம் மறக்க முடியாது. வெடிவிபத்தில் சிக்கியவரோடு 108-ல் ஏறுகிறவர் பெரும்பாலும் கூட வேலை பார்த்தவர். அவருக்குப் பெயரும் ஊரும் தெரியும், மாத்திரை தெரியாது. மாத்திரைப் பை வீட்டில் கிடக்கும். சிவகாசியிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினால் இன்னொரு முறை புதிதாகக் கேள்வி. தீக்காயம் பட்டவருக்குச் சர்க்கரை எகிறும், ரத்த அழுத்தம் விழும். அவர் இன்சுலின் போடுகிறவரா, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவரா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறவரா என்பது அந்த முதல் இரவிலேயே தெரிய வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல காரியம். பட்டறைக்குப் போகிற பெண்களுக்கு அரைநாள் கூலி மிச்சம். ஆனால் தனியார் டாக்டரிடமும் காட்டுகிறவர்கள், இந்த மாத்திரையையும் அவரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

உங்களிடம் கேட்பது சிறிய வேலைதான். வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் பெயர் தெரியும்படி செல்போனில் படம் எடுங்கள். மாத்திரையைக் கத்தரித்து எடுக்கும்போது பெயர் இருக்கும் பக்கத்தைக் கடைசியில் வெட்டுங்கள். நாட்டு மருந்து, லேகியம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். படத்தைப் பட்டறையில் கூட வேலை செய்கிற ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். வீட்டுக்குத் திரும்பும்போது பழைய பட்டியலையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் பக்கத்தில் வைத்து, இல்லாத மாத்திரையைக் காட்டி "இதை நிறுத்தியாச்சா, விட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதி சொல்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

நம் பிள்ளைகளில் செவிலியராகவும் மருந்தாளுநராகவும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வார்டில் இதை எப்படிச் செய்கிறீர்கள், எங்கே தவறுகிறது என்று கீழே எழுதுங்கள். அந்தத் தம்பிக்கு என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள்.